தலைமாட்டில் இருப்பவருக்கு ரசாயனம் எதற்கு?

ரண சிகிச்சை என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் கத்தி பிடிக்கும் சர்ஜனே. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, அவருடைய மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கணந்தோறும் கவனித்து, அவரை உறக்கத்தில் ஆழ்த்தி, காரியம் முடிந்ததும் பத்திரமாகத் திரும்ப எழுப்பிவிடுகிற இன்னொருவரைப் பற்றி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களே கூடப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் நாட்டில் அந்த ஸ்தானத்தில் இருப்பவர் மயக்கவியலில் மேற்படிப்பு முடித்த டாக்டர். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒருவர் அவருக்கு உதவியாக நிற்பார். அமெரிக்காவிலோ அந்த ஸ்தானத்தில் டாக்டர் இருப்பதும் உண்டு, நர்ஸ் இருப்பதும் உண்டு. 'நர்ஸ் அனஸ்தடிஸ்ட்' என்று வழங்கும் இவர்கள், பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களோடு சேர்ந்து பணி செய்கிறார்கள். மயக்க மருந்துக்கென்று தனி டாக்டர் இல்லாத சிற்றூர் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்று நடத்துகிறார்கள்.

இத்தொழிலுக்கு ஆட்களைத் தயார் செய்யும் பள்ளிகளில் இடம் தேடுகிற நர்ஸ்களை வாட்டும் சங்கதி ஒன்று உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாக உழைத்து, வென்டிலேட்டரின் ஒவ்வொரு ஓசைக்கும் பொருள் தெரிந்து, சொட்டு மருந்தை எப்போது ஏற்றுவது எப்போது இறக்குவது என்பதையெல்லாம் கைப்பழக்கமாகக் கொண்டவர்கள் அவர்கள். ஆயினும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தவுடனே, ரசாயனம் எத்தனை கோர்ஸ் படித்தீர்கள், ஆய்வுக்கூடப் பயிற்சியோடு படித்தீர்களா, படித்து எத்தனை ஆண்டுகள் ஆயின, என்ன மார்க்கு என்று வரிசையாக வரும் கேள்விகளின்முன் சற்றுத் திகைத்து நின்றுவிடுகிறார்கள். நோயாளியைப் பேணும் கலையில் தேர்ந்தவருக்கு அணுக்களின் கணக்கு எதற்கு என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. ஆபரேஷன் தியேட்டருக்குள் சென்று, அங்கே உள்ள பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால்தான் அதற்குச் சரியான சமாதானம் கிடைக்கும்.

ஈதர்த் துளியிலிருந்து டாக்டர் பட்டம் வரை

நர்ஸ் மயக்க மருந்து கொடுப்பது அந்நாட்டில் நேற்று முளைத்த ஏற்பாடு அன்று. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல்வைத்தியர் ஈதர் ஆவியைப் பிரயோகிக்க, ஜான் வாரன் என்னும் சர்ஜன் நோயாளியின் கழுத்துக் கட்டியைப் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்டிய பிற்பாடு, மயக்க மருந்து உலகெங்கும் பரவிற்று. பரவிய வேகத்துக்கு ஏற்ப அதைக் கவனமாகக் கொடுக்கத்தக்க ஆட்கள் இல்லை. சர்ஜன்கள் அடுத்து நாடியது நர்ஸ்களையே. 1877இல் பென்சில்வேனியா மாகாணத்து ஈரி நகரில் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரீ இப்பணியை மேற்கொண்டார். மினசோட்டா மாகாணத்தில் சர்ஜன்களான மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற நர்ஸ், 14,000 பேருக்கு மயக்க மருந்து கொடுத்ததில் அம்மருந்தால் ஒருவரும் இறக்கவில்லை என்ற விவரத்தை 1906இல் வெளியிட்டார். 1931இல் அகதா ஹாஜின்ஸ் என்பவரின் முயற்சியால் இவர்களுக்கென்று ஒரு தேசிய சங்கம் அமைந்தது. 1945இல் தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தது.

ஆலிஸ் மகா கையாண்டது முகமூடியும் ஈதர்ப் புட்டியுமே. துளித்துளியாக விட்டு, மூச்சின் போக்கையும் முகத்தின் நிறத்தையும் கண்ணின் பாவையையும் பார்த்து, அடுத்த துளியை விடுவதா நிறுத்துவதா என்று நிர்ணயம் செய்யும் கூரிய கண்ணும் பொறுமையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. இன்றைய நிலை வேறு. ஒரே நோயாளிக்கு ஒரே வேளையில், உறங்கவைக்க ஒன்று, வலியடக்க ஒன்று, தசைகளைத் தளர்த்த ஒன்று, அத்தளர்ச்சியை முறிக்க ஒன்று, வாந்தியைத் தடுக்க ஒன்று எனப் பல மருந்துகள் உள்ளே செல்கின்றன. அவை ஒன்றோடொன்றும் உடலோடும் என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் அறிய முடியாது. கண்ணுக்கு எட்டாத அந்த நடப்புக்குக் காரணகாரியம் சொல்லும் சாஸ்திரமாகவே ரசாயனம் இப்படிப்புக்குள் பிரவேசித்தது.

படிப்பும் அதற்கேற்ப நீண்டுவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் இப்பள்ளிகளில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் டாக்டர் பட்ட நிலைப் படிப்பிலேயே சேரவேண்டும் என்பது விதி. குறைந்தது 36 மாதங்கள்; அதற்குள் 2,000 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி; குறைந்தது 600 கேஸ்கள். சேருவதற்கு முன்பே இளநிலைப் பட்டமும், பதிவு பெற்ற நர்ஸ் என்ற உரிமமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவமும் கைவசம் இருக்க வேண்டும்.

ரசாயன விஷயத்தில் பள்ளிக்குப் பள்ளி நியதி மாறுகிறது. அமெரிக்காவில் நர்ஸிங் பட்டம் பெறுபவர்களில் பலர், பொது ரசாயனம், கரிம ரசாயனம், உயிர் ரசாயனம் ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் தொட்டுக்காட்டி முடித்துவிடும் சுருக்கப் பாடம் ஒன்றை மட்டுமே படித்திருப்பார்கள். சில பள்ளிகள் அதையே ஏற்றுக்கொள்ளும். சில, விஞ்ஞான மாணவர்கள் படிக்கும் முழுப் பொது ரசாயனத்தை ஆய்வுக்கூடத்தோடு கேட்கும். சில, கரிம ரசாயனமோ உயிர் ரசாயனமோ ஏதேனும் ஒன்று வேண்டும் என்னும். ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குள் படித்திருக்க வேண்டும் என்று காலக்கெடு வைப்பவையும் உண்டு. ஆகவே முப்பது வயதைக் கடந்து, குழந்தை குட்டிகளோடு, இரவுப் பணி முடித்த கண்ணெரிச்சலோடு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே சமுதாயக் கல்லூரி வகுப்பில் வந்து அமர்கிற நர்ஸ்களை அங்கே காண்பது அபூர்வம் அன்று. நம்மூரிலிருந்து சென்று அங்கே பணிபுரிபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பிளஸ் டூவில் எவ்வளவு ஆழமாக ரசாயனம் படித்திருந்தாலும் அது பள்ளிப் படிப்பாகவே கொள்ளப்படும், கல்லூரிக் கணக்கில் சேராது.

இரண்டு சிலிண்டர்கள்

மயக்க மருந்து யந்திரத்தின் பின்புறத்தில் தொங்கும் இரண்டு சிறிய சிலிண்டர்களிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க வழக்கப்படி பச்சை வர்ணம் பூசியது பிராணவாயு. நீல வர்ணம் பூசியது நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது சிரிப்பு வாயு. சுவர்க் குழாயில் வரும் வாயு தடைப்பட்டால் உதவுவதற்காகவும், நோயாளியை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு அழைத்துச் செல்வதற்காகவும் இவ்வளவில் சிலிண்டர்களை வைத்திருப்பார்கள்.

நிறைந்த பிராணவாயுச் சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,000 பவுண்டு அழுத்தம் இருக்கும். அதிலிருந்து வெளியே வரக்கூடிய வாயு சுமார் 660 லிட்டர். அழுத்தமானியின் முள் 1,000த்தில் நின்றால் பாதி, அதாவது 330 லிட்டர், மிச்சம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நிமிஷத்துக்கு 5 லிட்டர் வீதம் செலவழித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். முதலாண்டுக் கல்லூரிப் பாடத்தில் வரும் பாயில் விதியே இதற்கு ஆதாரம்.

அதே நம்பிக்கையோடு பக்கத்துச் சிலிண்டரைப் பார்த்தால் மோசம் போகவேண்டியதுதான். நிறைந்த நைட்ரஸ் ஆக்ஸைடுச் சிலிண்டரின் அழுத்தம் சுமார் 745 பவுண்டு. பாதி செலவான பின்பும் 745. பாதிக்கு மேல் செலவான பின்பும் அதே 745. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. கடைசித் திரவத்துளி தீர்ந்த பிறகே முள் விழத் தொடங்கும். அப்போது பெரும்பங்கு செலவாகிவிட்டிருக்கும். பிராணவாயுவும் ஏன் இவ்வாறு திரவமாகவில்லை என்று கேட்டால், ஒவ்வொரு வாயுவுக்கும் உள்ள மாறுநிலை வெப்பநிலை என்பதை நினைவுகூர வேண்டும். அவ்வெப்பத்துக்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் வாயு திரவமாகாது. பிராணவாயுவுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 118 டிகிரி. நைட்ரஸ் ஆக்ஸைடுக்கோ 36.5 டிகிரி. ஆபரேஷன் தியேட்டரின் குளிர்ச்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

அப்படியானால் நீலச் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அறிவது எப்படி? தராசில் நிறுத்துத்தான். வெற்றுச் சிலிண்டரின் எடையைக் கழித்தால் கிடைக்கும் கிராமை அவ்வாயுவின் மோல் எடையான 44ஆல் வகுத்தால் எத்தனை மோல் என்று தெரியும். ஒரு மோல் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 24 லிட்டர் இடத்தை அடைக்கும். நிறைந்த சிலிண்டரில் உள்ள சுமார் 2.9 கிலோகிராம் இக்கணக்கின்படி கிட்டத்தட்ட 1,590 லிட்டர் ஆகிறது. மோல் என்ற பெயரைக் கேட்டாலே அலுத்துக்கொள்ளும் மாணவர்கள், அது வெறும் பரீட்சைக் கணக்கு அன்று என்பதை இங்கே பிரத்தியட்சமாகக் காணலாம்.

கரையாதது விரைந்து மயக்கும்

அடுத்து, மூச்சோடு செல்லும் மருந்துகள். இவற்றைப் படிக்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரத்தத்தில் நன்றாகக் கரையும் மருந்துதானே சீக்கிரம் மயக்கும் என்று நம் பொதுப்புத்தி சொல்கிறது. உண்மை இதற்கு நேர் விரோதமானது. ஈதரின் இரத்தக் கரைதிறன் எண் சுமார் 12, ஹாலோதேனுக்கு 2.4, ஐசோஃப்ளூரேனுக்கு 1.4, செவோஃப்ளூரேனுக்கு 0.65, டெஸ்ஃப்ளூரேனுக்கு 0.42. இவ்வரிசையில் கடைசியில் நிற்பதே மிக விரைவாக மயக்கி, மிக விரைவாகத் தெளியவும் வைக்கிறது; ஈதரோ நோயாளியை நெடுநேரம் திணறவைத்தே உறங்கச் செய்தது.

மூளையில் வேலை செய்வது மருந்தின் அளவு அன்று, வாயுக்கலவையின் மொத்த அழுத்தத்தில் அதன் பங்கான பகுதியழுத்தம் என்பதே இதன் ரகசியம். கோடையில் வாய்க்காலில் நீரைத் திறந்துவிட்டால், வறண்ட மணற்படுகை குடித்துத் தீர்த்த பிறகுதான் கடைமடை வயலுக்கு நீர் எட்டும். அவ்வாறே, கரைதிறன் மிகுந்த மருந்தை இரத்தமே உறிஞ்சிக்கொள்வதால் அழுத்தம் ஏறுவதற்கு நேரம் பிடிக்கிறது. கரையாத மருந்து இரத்தத்தில் தங்காமல் அழுத்தத்தை உடனே உயர்த்தி மூளையை எட்டிவிடுகிறது. மருந்தின் வீரியமோ வேறொரு கரைதிறனைப் பொறுத்தது. ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு மருந்து வலிமையுள்ளது என்று 1899இல் ஹான்ஸ் மேயரும், 1901இல் சார்லஸ் ஓவர்ட்டனும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். வேகத்துக்கு இரத்தம், வீரியத்துக்கு எண்ணெய் என்ற இவ்விரண்டையும் பிரித்து அறிந்தவருக்கு மருந்து அட்டவணைகள் பாதி மனப்பாடம் ஆனாற்போலத்தான்.

பகுதியழுத்தம் என்ற தத்துவம் மலைநாட்டில் இன்னும் தெளிவாக விளங்குகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரில் சுமார் 630. டெஸ்ஃப்ளூரேன் 23 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுவதால், அதற்கென்று 39 டிகிரிக்குச் சூடாக்கி வைக்கும் தனி ஆவியாக்கி உண்டு; முகப்பில் எந்தச் சதவிகிதம் வைத்தோமோ அதை அது அப்படியே கலந்து தரும். கடல் மட்டத்தில் 6 சதவிகிதம் என்றால் 45 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டென்வரில் அதே 6 சதவிகிதம் 38ஐக்கூட எட்டாது. ஆகவே அங்கே முள்ளை ஏழுக்குச் சற்று மேலே வைத்தால்தான் முன்பிருந்த அதே ஆழ்ந்த உறக்கம் கிட்டும். பழைய மாதிரி ஆவியாக்கிகளில் வரும் செவோஃப்ளூரேனுக்கு இத்திருத்தம் அநேகமாகத் தேவையில்லை. அவை தரும் பகுதியழுத்தம் உயரத்தால் அதிகம் மாறுவதில்லை. விதியை நெட்டுருப் போட்டவர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வார். பகுதியழுத்தத்தைப் பற்றி விஞ்ஞானி டால்ட்டன் சொன்னது என்ன என்று புரிந்தவருக்குக் குழப்பம் இல்லை.

அமிலமும் காரமும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ்களுக்கு ரசாயனம் அந்நியம் என்பது அவர்களே தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் தவறான அபிப்பிராயம். இரவெல்லாம் அவர்கள் கையில் வந்துகொண்டிருக்கும் இரத்த வாயுச் சீட்டு வேறென்ன? ஒரு சீட்டில் பி.எச். 7.28, கரியமில வாயு 60, பைகார்பனேட் 27 என்று இருந்தால், நோயாளி மூச்சைப் போதிய அளவு வெளியே விடவில்லை என்று பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார்கள். வகுப்பில் அமர்ந்தால் அதே சீட்டுக்கு ஆதாரமான சமன்பாட்டைக் காண்கிறார்கள். கரைந்திருக்கும் கரியமில வாயுவைக் காண 60ஐ 0.03ஆல் பெருக்கினால் 1.8, அதற்கு எதிரே 27, ஆக விகிதம் 15க்கு 1. சுகதேகியின் உடம்பில் அது 20க்கு 1. அந்த விகிதம் சரிந்ததைத்தான் 7.28 என்ற எண் சொல்கிறது. பத்தாண்டு அனுபவத்தில் கையில் படிந்த ஞானம், சமன்பாட்டைக் கண்டதும் தன் காரணத்தைத் தானே கண்டுகொள்கிறது.

அதே சமன்பாடு மரத்துப்போகும் ஊசியிலும் வேலை செய்கிறது. லிடோகேன் வலுவற்ற காரம்; அதன் மூலக்கூறுகளில் பாதி மின்னேற்றத்தோடும் பாதி மின்னேற்றமின்றியும் நிற்கும் பி.எச்., அதாவது பி.கே.ஏ., 7.9. நரம்பின் சவ்வை ஊடுருவிச் செல்ல வல்லது மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு மாத்திரமே. உடம்பின் இயல்பான 7.4 என்ற நிலையில் கால்பங்கு மூலக்கூறுகள் அவ்வாறு இருக்கும். சீழ் பிடித்து 6.4 ஆகிவிட்ட சதையில் நூற்றுக்கு மூன்றே தேறும். பல்லின் வேரில் சீழ்க்கட்டி இருப்பவருக்கு ஊசி போட்டும் ஏன் மரக்கவில்லை என்பதற்கும், அம்மருந்தில் சிறிது சோடியம் பைகார்பனேட்டைக் கலந்தால் ஏன் சீக்கிரம் மரக்கிறது என்பதற்கும் இவ்வொரு கணக்கே காரணம் காட்டுகிறது.

இனி, யந்திரத்தின் பக்கவாட்டில் கண்ணாடிபோன்ற டப்பாவில் இருக்கும் வெள்ளைக் குருணையைப் பார்ப்போம். சோடா சுண்ணாம்பு என்பது அதன் பெயர். பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு, ஓரளவு ஈரம். நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள விலையுயர்ந்த மயக்க வாயுவை வீணாக்காமல் மறுபடியும் அவருக்கே கொடுக்க வேண்டுமானால், இடையில் கரியமில வாயுவை நீக்கியாக வேண்டும். அது ஈரத்தில் கரைந்து அமிலமாகி, காரத்தோடு சேர்ந்து கார்பனேட்டாகிறது. அப்போது நீரும் வெப்பமும் பிறக்கின்றன. நன்றாக வேலை செய்யும் டப்பாவைத் தொட்டால் கை வெதுவெதுக்கும். காரம் தீரத் தீர, அதில் சேர்த்திருக்கும் சாயம் குருணையை ஊதாவாக்கிக் காட்டும். ஆனால் சற்று நேரம் யந்திரத்தை நிறுத்தி வைத்தால், தீர்ந்துபோன குருணையும் மறுபடி வெள்ளையாகத் தோற்றமளிப்பது உண்டு. நிறத்தை நம்பி மறுநாள் காலையில் அப்படியே ஓட்டினால் நோயாளியின் இரத்தத்தில் கரியமில வாயு ஏறத் தொடங்கும். வாயுவை இரவு முழுதும் திறந்தே விட்டுக் குருணை உலர்ந்துவிட்டாலோ அபாயம் வேறு விதமானது: உலர்ந்த காரத்தின்மேல் டெஸ்ஃப்ளூரேன் பட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகலாம்.

கரிம ரசாயனத்தின் பங்கு

மாணவர்கள் மிகவும் அஞ்சுவது கரிம ரசாயனத்துக்கு. அதில் வரும் எத்தனையோ வினைகளும், ஒரு சேர்மத்தை இன்னொன்றாக ஆய்வுக்கூடத்தில் மாற்றும் உபாயங்களும் தலைமாட்டில் இருப்பவருக்கு உபயோகப்படுவது அரிது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அப்பாடத்தில் மூன்று சூட்சுமங்கள் அவருக்கு இன்றியமையாதவை.

முதலாவது, எஸ்டர், அமைடு என்ற தொகுதிகளின் பேதம். மரக்கவைக்கும் மருந்துகளுள் புரோகேன் போன்ற எஸ்டர்களை இரத்தத்தில் உள்ள என்சைம் விரைவில் பிளந்துவிடும். லிடோகேன் போன்ற அமைடுகள் ஈரல் வரை சென்றாக வேண்டும். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின், இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் இணைந்தாற்போன்ற எஸ்டர். இரத்தத்து என்சைம் அதை உடனுக்குடன் பிளந்துவிடுவதால் ஐந்து பத்து நிமிஷங்களில் அதன் ஆட்சி முடிந்துவிடும். அந்த என்சைம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கோ மணிக்கணக்கில் மூச்சுத்தசை எழுந்திராது. தென்னிந்தியாவில் வைசியச் சமூகத்தாரிடையே இக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றைக் கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் அடங்கிய குழு 2006இல் வெளியிட்டிருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் இந்திய நோயாளியிடம் குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமானதா என்று கேட்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி அன்று.

இரண்டாவது, யார் துணையும் இன்றித் தானே சிதையும் மூலக்கூறு. ஈரலும் சிறுநீரகமும் பழுதுபட்ட நோயாளியின் உடம்பில் மருந்து தங்கிவிடும் என்பது மருத்துவரின் பழைய கவலை. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்க்ளைடு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் ஸ்டென்லேக், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாஃப்மன் கண்டறிந்த ஒரு வினையை மனத்தில் கொண்டு, உடம்பின் வெப்பமும் காரத்தன்மையும் பட்ட அளவிலேயே உடைந்துபோகும்படி அட்ராகூரியம் என்ற தசை தளர்த்தும் மருந்தை வடிவமைத்தார். அதைப் புட்டியில் அமிலக் கரைசலாக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பதன் காரணமும் அதுவே. வெளியே வெப்பத்தில் கிடந்தால் நோயாளிக்குள் நடக்கவேண்டிய சிதைவு புட்டிக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது, இட வலப் பேதம். அணுக்கள் ஒன்றே, பிணைப்பும் ஒன்றே. இடவெளியில் அமைந்த விதம் மாத்திரம் வேறு. அட்ராகூரியம் இவ்வாறு வேறுபடும் பத்து ஐசோமர்களின் கலவை. அவற்றுள் ஒன்றான சிஸ்அட்ராகூரியத்தைத் தனியே பிரித்தபோது, வீரியம் கூடி, ஹிஸ்டமினால் வரும் தோல் சிவப்பும் அழுத்த வீழ்ச்சியும் வெகுவாகக் குறைந்தன. மரக்கவைக்கும் மருந்தான பூபிவாகேனின் இரு வடிவங்களில் இடப்புறத்ததான லெவோபூபிவாகேன் இதயத்துக்குக் குறைந்த கேடு செய்வதும் இவ்வகையே.

எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது

இவ்வளவையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சிலிண்டர்க் கணக்கு, மோல், பகுதியழுத்தம், கரைதிறன், சமநிலை, அமிலமும் காரமும் ஆகிய இவை யாவும், கடினம் என்று பேர் வாங்கிய மேல் வகுப்புகளைச் சேர்ந்தவை அல்ல. ஒப்பேற்றிவிட்டு ஓடிவிடலாம் என்று மாணவர்கள் எண்ணுகிற முதலாண்டுப் பொது ரசாயனத்தைச் சேர்ந்தவை. பெயரால் பெருமையுள்ள கரிம ரசாயனத்தில் ஏ மார்க்கு வாங்கித் தேர்வுக்குழுவை மயக்கிவிடலாம் என்று நினைத்து, அஸ்திவாரத்தைச் சுருக்கப் பாடத்தோடு விட்டுவிடுவது என் கருத்தில் விவேகம் ஆகாது. ஒரே ஒரு கோர்ஸுக்குத்தான் அவகாசமும் பணமும் இருக்கின்றன என்றால், சேர விரும்பும் பள்ளி கேட்பதை முதலில் முடிக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. பள்ளி எதையும் குறிப்பிட்டுக் கேளாதபோது, ஆய்வுக்கூடத்தோடு கூடிய பொது ரசாயனத்துக்கு முதலிடமும், என்சைம்களைப் பற்றிச் சொல்லும் உயிர் ரசாயனத்துக்கு இரண்டாம் இடமும், கரிம ரசாயனத்துக்கு மூன்றாம் இடமும் கொடுப்பது உசிதம்.

பள்ளியில் சேர்ந்த பிறகும் ரசாயனம் விட்டபாடில்லை. அங்கீகாரம் வழங்கும் சபை, பாடத்திட்டத்தில் ரசாயனம், உயிர் ரசாயனம், பௌதிகம் ஆகியவை இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நர்ஸ் அனஸ்தடிஸ்ட் மாணவர்களுக்கென்றே ரசாயனத்தையும் பௌதிகத்தையும் சேர்த்து ஷூபர்ட், லேபா என்ற இருவர் எழுதிய பாடப்புத்தகமும் உண்டு. ஆனால் அங்கே மருந்தியலும் உடலியலும் ஒரே சமயத்தில் வந்து நெருக்கும். மோல் என்றால் என்ன என்று நின்று கேட்க நேரம் இராது. முன்கூட்டியே படிக்கச் சொல்வதன் நியாயம் அதுதான்.

படிக்கும் முறையிலும் ஒரு சிறு யுக்தி பயன் தரும். கணக்குகளைப் புத்தகத்தில் உள்ளபடியே போட்டுத் தள்ளாமல், தாம் அன்றாடம் கையாளும் பண்டங்களுக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சேலைன் பையில் 0.9 சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பது லிட்டருக்கு 9 கிராம். உப்பின் மோல் எடையான 58.5ஆல் வகுத்தால் 154 மில்லிமோல். பையின்மேல் சோடியம் 154 என்று போட்டிருப்பது இக்கணக்கே. உறங்கவைக்கும் மருந்தான புரோபோஃபால் ஏன் பால்போல் வெளுத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டால், நீரில் கரையாத அந்த மருந்தைச் சோயா எண்ணெயிலும் முட்டைக் கொழுப்பிலும் ஏற்றிப் பால்மமாக்கியிருப்பதும், அக்கொழுப்பில் கிருமிகள் செழித்து வளருமாதலால் திறந்த புட்டியின் மருந்தை 12 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என்ற விதியும் ஒன்றுக்கொன்று விளக்கமாக அமைந்துவிடும். இவ்வாறு பழகியவருக்குப் பரீட்சை ஒரு பொருட்டாக இராது.

தேர்வுக்குழு ரசாயன மார்க்கை ஏன் பார்க்கிறது என்றும் கேட்கலாம். மருத்துவமனையில் திறமை காட்டிய ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின் புத்தகத்தின்முன் அமர்ந்து, புதிதாக ஒன்றைக் கற்று, அதைக் கொண்டு காரியம் செய்ய வல்லவரா என்று அறிய அவர்களுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பதில்லை. பழைய மார்க்கு மோசமாக இருந்ததே என்று மனம் தளர்பவர்கள், அதே கோர்ஸை மறுபடி எடுத்து நல்ல மார்க்கு வாங்கினால், அந்த முயற்சியே விண்ணப்பத்தில் சாதகமாகப் பேசக்கூடும்.

ஆகவே அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் நர்ஸுக்குச் சொல்லத்தக்கது இதுதான்: பொது ரசாயன வகுப்பில் சேருங்கள், வாயு விதிகளுக்கும் அமிலகார அத்தியாயத்துக்கும் மற்றவற்றைவிட இருமடங்கு நேரம் செலவிடுங்கள், கரைசல் கணக்கு ஒவ்வொன்றையும் நீங்கள் அன்று ஏற்றிய ஒரு மருந்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். மூன்றாண்டுப் படிப்பும், அதற்குப் பின் வரும் முப்பதாண்டுத் தொழிலும் அங்கே கற்றதன்மேல்தான் நிற்கப் போகின்றன.